காணாமற்போகாத கோப்புகள்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

கணிப்பொறிக்கு நோய் வந்தால் நம் ஆய்வகத்தில் மூன்று மருந்துகள் உண்டு. அணைத்துவிட்டு மீண்டும் போடுவது முதல் மருந்து. கேபிளைப் பிடுங்கிச் செருகுவது இரண்டாவது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மூன்றாவது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்ற ஆராய்ச்சியே கிடையாது. முதலாவது பலிக்காவிட்டால் இரண்டாவது. அதுவும் பலிக்காவிட்டால் மூன்றாவது. இதைக் குறை கூறுவதாக எண்ணி ஆய்வக உதவியாளர் அண்ணன் வருந்த வேண்டா. நானும் அந்த மூன்றையும் கைதேர்ந்த வைத்தியனைப்போல் செய்து வந்தவன்தான். ஆனால், மூன்றாவது மருந்தினால் நான்கு பேருடைய ஆறு வார உழைப்பில் பாதி மண்ணாகப் போயிருக்கும். மயிரிழையில் தப்பிற்று. அந்தப் பாதி உழைப்பு போயிருந்தால் அதற்குக் காரணமான நிரலை எழுதியவன் நான் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

நடந்தது இதுதான். இயற்பியல் துறை மூன்றாமாண்டு அக்காமார் நால்வர் தங்கள் திட்டப்பணிக்காகக் கல்லூரி மொட்டைமாடியில் வெப்பநிலை உணரி ஒன்றை வைத்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அது வேலையைத் தொடங்கிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து எங்கள் ஆய்வகச் சர்வரில் எழுதிவைக்க வேண்டும். நிரல் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நானும் பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். நிமிடத்துக்கு ஓர் அளவு. ஓர் அளவுக்கு ஒரு கோப்பு. எல்லாக் கோப்பும் ஒரே டைரக்டரியில். பெயரைப் பார்த்தாலே விவரம் தெரிய வேண்டும் என்ற ஆசையில், உணரியின் பெயர், இடம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் கோத்து நாற்பது எழுத்துக்கு மேல் நீண்ட பெயர்களை வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு 1,440 கோப்புகள். ஆறு வாரத்தில், மின்வெட்டுப் போக, ஐம்பத்தெட்டாயிரம் கோப்புகள் சேர்ந்துவிட்டன. அதை அன்று ஒருவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அக்டோபரில் வரைபடம் போட அமர்ந்தார்கள். ஆய்வகக் கணிப்பொறியில் பட்டியல் கேட்டால் முப்பதாயிரத்துச் சொச்சம் பெயர்கள் வந்தன. அதன்பின், 'டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்' என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. மீதிக் கோப்புகள் எங்கே? வந்தவற்றை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒரு நாள் தவறாமல் எல்லா நாளிலும் சல்லடைக் கண்ணாகப் பொத்தல்கள். பத்து மணி மூன்று நிமிடம் இருக்கிறது, நான்கு இல்லை, ஐந்து இருக்கிறது, ஆறும் ஏழும் இல்லை.

“உணரி கெட்டுவிட்டது” என்றார் ஒருவர். “தம்பி எழுதிய நிரல்தான் சரியில்லை” என்றார் இன்னொருவர். என் முகம் சுண்டிப்போயிற்று. கேபிளை மாற்றினோம். பக்கத்துத் துறையிலிருந்து ஸ்விட்ச் இரவல் வாங்கிப் பொருத்தினோம். எல்லாக் கணிப்பொறிகளையும் அணைத்துப் போட்டோம். ஒரு பயனும் இல்லை. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. அத்தனை மாணவரின் கோப்புகளும் அதே சர்வரில் இருக்கின்றன. அதில் கெட்டுப்போன டைரக்டரி ஒன்று இருக்கலாகாது என்று முடிவாயிற்று. கிடைத்த முப்பதாயிரத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடச் சொன்னார்கள்.

சர்வரின் முன்னால் உட்கார்ந்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்தது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. 'ஆர்எம்', ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவே. கணிப்பொறி மறுத்துவிட்டது: 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'. நட்சத்திரக் குறிக்குப் பதிலாக எல்லாக் கோப்புகளின் பெயரையும் வரிசையாக எழுதி அந்தக் கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் வழக்கமாக 2 மெகாபைட்தான் இடம். அதாவது ஏறத்தாழ 20 லட்சத்து 97 ஆயிரம் எழுத்துகள். ஐம்பத்தெட்டாயிரத்தை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள், 23 லட்சத்தைத் தாண்டும். நான் ஆசையாக வைத்த நீண்ட பெயர்கள் அன்று கோப்புகளின் உயிரைக் காத்தன. என் மூடத்தனமே எனக்குத் துணை நின்ற நாள் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் எங்கள் விரிவுரையாளர் உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “சர்வரில் எத்தனை கோப்பு இருக்கிறதென்று எண்ணினீர்களா?” என்றார். ஒருவரும் எண்ணவில்லை. அழிக்க மட்டுமே சர்வருக்குப் போயிருந்தோம்! வரிசைப்படுத்தாமல் பட்டியலிடச் சொல்லி எண்ணினோம். 58,214 என்று வந்தது. அந்த முறையில் எண்ணும்போது டைரக்டரி தன்னையும் தன் தாய் டைரக்டரியையும் சேர்த்துக் காட்டும். அந்த இரண்டைக் கழித்தால் 58,212. ஒரு கோப்புகூடக் குறையவில்லை. எல்லாம் வீட்டில்தான் இருந்தன. வாசலில் நின்று கூப்பிட்டவர்களுக்குத்தான் பாதிப் பேர் இல்லையென்று தோன்றிற்று.

கோப்பு சர்வரில் இருக்கிறது; மற்றக் கணிப்பொறியில் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். இந்த ஒரு பிரிவினையை முதல் ஐந்து நிமிடத்தில் செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். நடுவில் இருப்பது நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக என்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 1984-ஆம் ஆண்டில் உருவாகி, 1989-இல் இரண்டாம் பதிப்பின் விதிமுறைகளும் 1995-இல் மூன்றாம் பதிப்பின் விதிமுறைகளும் வெளியாயின. எங்கள் ஆய்வகத்தில் ஓடுவது மூன்றாம் பதிப்பு. நம் கோப்புகள் நாம் உட்காரும் கணிப்பொறியில் இல்லை, சர்வரில் இருக்கின்றன என்பதையே மறக்கச் செய்வது அதன் சாமர்த்தியம். அதனாலேயே பழுது வரும்போதும் அதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டில் சர்வர் ஒரு மறதிக்காரர். (நம் நூலகரைச் சொல்லவில்லை!) பத்தாயிரம் நூல்களின் பட்டியலை வாசிக்கச் சொன்னால் ஒரே மூச்சில் வாசிக்கமாட்டார். கொஞ்சம் வாசிப்பார். கடைசியாக வாசித்த பெயரின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி உங்களிடம் கொடுப்பார். உடனே உங்களையே மறந்துவிடுவார். நீங்கள் சீட்டை நீட்டி 'இதற்கு மேல் வாசியுங்கள்' என்றால் அங்கிருந்து தொடர்வார். இந்தச் சீட்டுக்குத்தான் குக்கீ என்று பெயர். மறதி ஒரு குறையன்று. வேண்டுமென்றே வைத்த குணம். சர்வர் நடுவில் நின்றுபோய் மீண்டும் எழுந்தாலும், சீட்டு உங்கள் கையில் இருப்பதால் வேலை தொடரும். நமக்கு வாய்த்திருக்கும் மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பெயர்களுக்கு ஒரே எண் இருக்கலாகாது. இருந்தால், சீட்டை நீட்டியதும் அவர் முதற்பெயரிடம் போய்விடுவார். வாசித்ததையே மீண்டும் வாசித்து, அதே எண்ணை மீண்டும் எழுதிக் கொடுப்பார். செக்குமாடு சுற்றுவதைப்போல் முடிவே இராது. முற்காலத்தில் கேட்கும் கணிப்பொறியும் இதை அறியாமல் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது. 2011-இல் லினக்ஸில் இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாடு வந்தது. நிறுத்தும்போது ஏதாவதொரு பிழை சொல்ல வேண்டுமே. 'சுழற்சி' என்ற பொருளுக்கு ஏற்கெனவே இருந்த பிழை எண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணுக்குரிய பழைய வாசகம்தான் சிம்பாலிக் லிங்க் பற்றியது. எங்கள் டைரக்டரியில் சிம்பாலிக் லிங்க் ஒன்றுகூடக் கிடையாது! திரையில் வந்த வரி பாதி உண்மையைத்தான் சொன்னது.

முழு உண்மை வேறோர் இடத்தில் இருந்தது. 'டிமெசேஜ்' என்ற கட்டளையால் லினக்ஸ் கருவின் குறிப்பேட்டைப் பார்க்கலாம். இந்த டைரக்டரியைப் படிப்பதில் சுழற்சி இருக்கிறது, இன்ன பெயருள்ள கோப்புக்கு இரட்டைக் குக்கீ இருக்கிறது, சர்வரை விற்றவரை அணுகுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு நாளாக ஒவ்வொரு முயற்சியின்போதும் அது எழுதிக்கொண்டேயிருந்திருக்கிறது. நாங்கள் ஸ்விட்ச் இரவல் வாங்கப் போயிருந்தோம். (சர்வரை விற்றவர் எந்த ஊரில் இருக்கிறாரென்று யாருக்குத் தெரியும்!)

இரண்டு கோப்புக்கு ஒரே எண் எப்படி வந்தது? எங்கள் சர்வரின் வட்டில் உள்ளது எக்ஸ்ட்-4 என்ற கோப்பமைப்பு. அது பெயர்களை அகர வரிசையிலோ நாள் வரிசையிலோ வைப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணின் வரிசையில் வைக்கிறது. பொத்தல்கள் எல்லா நாளிலும் சிதறியிருந்ததன் இரகசியம் இதுவே. உணரி கெட்டிருந்தால் ஒரு நாள் முழுவதும், அல்லது ஒரு மணி முழுவதும் போயிருக்கும். இப்படிச் சல்லடையாகப் போயிராது. பழைய லினக்ஸில் இந்த எண் 31 பிட்டு அளவுடையது. இரண்டின் அடுக்கு 31 என்றால் 214 கோடிக்கு மேல். 214 கோடி எண்களில் 58,000 பெயர்களுக்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கணிதத் துறை நண்பன் சிரித்தான்.

இது பிறந்தநாள் கணக்கு. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். நாட்கள் 365 இருக்க 23 பேரே போதும். ஏனெனில் நாம் பார்ப்பது ஆட்களை அன்று, இரண்டிரண்டு பேராகச் சேரும் இணைகளை. அந்தக் கணக்கை 214 கோடிக்குப் போட்டுப் பார்த்தோம். 1,000 கோப்பு இருந்தால் மோதல் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு, கவலையே இல்லை. 10,000 கோப்புக்கு நூற்றுக்கு இரண்டு. ஏறத்தாழ 55,000 கோப்பில் சரிபாதி. ஒரு லட்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. நாங்கள் ஐம்பத்தெட்டாயிரத்தில் நின்றோம். இது எங்களுக்கு நேர்ந்த விபத்தன்று; தவணை முறையில் வரவழைத்துக்கொண்டது. கரும்பலகையில் இக்கணக்கு முடிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை, திட்டுவாங்கிய இரண்டு நாளுக்கு ஈடாகவே கருதினேன்.

சர்வரின் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் எண்ணிக்கை சரியாக வந்ததேன்? அங்கே டைரக்டரியைத் திறந்த நிரல் அதை மூடாமல் வைத்துக்கொண்டு வாசிக்கிறது. ஒரே எண்ணுள்ள இருவரில் யார்வரை வாசித்தோம் என்பது கருவின் நினைவில் நிற்கிறது. நெட்வொர்க் வழியே கேட்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகத் திறந்து, சீட்டை மட்டும் நம்பி வாசிக்க வேண்டியிருக்கிறது. மோதிய பெயர் ஒரு தவணையின் விளிம்பில் விழுந்தால்தான் சுழற்சி. நடுவில் விழுந்தால் தெரியாமலே கடந்துபோகும். இப்படிப்பட்ட பழுது ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் போவதும், 'அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது' என்று நாம் மார்தட்டுவதும் இதனால்தான்.

குறிப்பேடு சொன்ன அந்த ஒரு கோப்பின் பெயரைச் சர்வரில் மாற்றினோம். பெயர் மாறினால் எண் மாறும் அன்றோ? ஆய்வகக் கணிப்பொறியில் 58,212-உம் வந்தன. ஐம்பத்தெட்டாயிரம் கோப்பில் ஒன்றுக்குப் பெயர் மாற்றியதுதான் சிகிச்சை. அன்று மாலையே எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் பிரதி எடுத்துவிட்டு, நிரலைத் திருத்தி எழுதினேன். இப்போது நாளைக்கு ஒரு கோப்பு. அதற்குள் 1,440 வரி. பழைய டைரக்டரியில் இருந்தவற்றை, பெயர்களை மொத்தமாகக் கோக்காமல் ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் கட்டளையால் அகற்றினோம். அத்தனையும் போன பிறகும் காலி டைரக்டரி பல மெகாபைட் பருமனோடு அப்படியே இருந்தது. எக்ஸ்ட்-4 டைரக்டரி ஒருமுறை பெருத்தால் தானாக இளைப்பதில்லை. அதையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தோம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார். “குற்றம் பழைய லினக்ஸுடையது. 2012-இல் வந்த 3.4 பதிப்பிலேயே நெட்வொர்க் சர்வருக்கு 64 பிட்டு எண்ணைப் பயன்படுத்தித் திருத்திவிட்டார்கள். நம் சர்வரில் இன்னும் 2.6 வரிசை ஓடுகிறது. அதை மாற்றாமல், மாணவர் தலையில் ஏன் பழியைப் போடுகிறாய்?” என்றார். நியாயமான கேள்வி. சர்வரை மாற்ற வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. துறைத்தலைவர் ஐயா அதற்கு எழுதியும் இருக்கிறார். ஆனால் புதிய சர்வர் வந்தாலும் ஒரே டைரக்டரியில் அறுபதாயிரம் கோப்பைக் கொட்டுவது சரியாகிவிடுமா? பட்டியலிடும் கட்டளை எல்லாப் பெயரையும் வாங்கி வரிசைப்படுத்திய பின்பே முதல் வரியைக் காட்டும். கோப்பின் அளவும் நாளும் கேட்டால், அல்லது வகைக்கொரு வண்ணம் காட்டச் சொன்னால், ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஒரு விசாரணைக்கு ஆயிரத்தில் ஒரு நொடி ஆனாலும் 58,000-க்கு 58 நொடி. இருபது பேர் ஒரே நேரத்தில் கேட்டால்? கிட் என்ற மென்பொருள் தன் பொருள்களை இரண்டெழுத்துப் பெயருடைய 256 உள் டைரக்டரிகளில் பங்கிட்டு வைக்கிறது. அதை எழுதியவர்களுக்கு எக்ஸ்ட்-4 தெரியாதா என்ன? நெல்லைக் குதிரில் கொட்டலாம். வீட்டுப் பத்திரங்களையும் அப்படிக் கொட்டுவோமா? ஆகவே பழியில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைச் சர்வர் எடுத்துக்கொள்ளட்டும்.

என்னை உறுத்துவது இந்தத் தவறு அன்று. இரண்டு நாளும் விடை அந்தக் குறிப்பேட்டில் கிடக்க, நாங்கள் அறுவர் அதைத் திறக்கவேயில்லை என்பதுதான். ஏன்? சோம்பலன்று, அச்சம் என்பேன். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் தபால் வந்தால் பிரிக்காமல் கூரைச் செருகலில் வைத்துவிடுவார்கள். என்னவோ ஆபத்து என்று எண்ணிக்கொண்டு, படித்தவர் யாரேனும் தெருவில் போகும்வரை அது அங்கேயே இருக்கும். இப்போது வீட்டில் படித்தவன் நான்தான். ஆனால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் நானும் அதையேதான் செய்கிறேன். சாளரத்தை மூடிவிட்டு மீண்டும் ஓட்டுகிறேன். நம்மில் பலர் அப்படித்தான் என்பதை, ஆய்வகத்தில் பக்கத்து இருக்கையைப் பார்த்தவர் அறிவர். “என்ன பிழை வந்தது?” என்றால் “ஏதோ எரர் சார்” என்போம். 'ஏதோ' என்ற பெயரில் ஒரு பிழையும் இல்லை.

இதற்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்? நம் செய்முறைக் குறிப்பேட்டில் நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று எழுதுகிறோம். முடிவு என்பதன் கீழ் எல்லாரும் எழுதுவது, நிரல் வெற்றிகரமாக ஓடியது என்பதே. ஓடாத நிரலுக்கு அங்கே பக்கமே கிடையாது. ஆகவே ஓடாத நிரலை ஒளித்து, பக்கத்திலிருப்பவரின் வெளியீட்டைப் பார்த்து எழுதுகிறோம். பழுதை மறைக்கத் தேர்ந்தவர்களாகவும், கண்டுபிடிக்கத் தெரியாதவர்களாகவும் மூன்றாண்டில் வெளியேறுகிறோம். ஆசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தில் தீர்மானமாகிறது என்பதும், ஒரு கணிப்பொறிக்கு இருவர் உட்கார்ந்து ஐம்பது நிமிடத்தில் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் பருவத்துக்கு ஒரே ஒரு நாள், வேண்டுமென்றே கெடுத்துவைத்த கணிப்பொறி ஒன்றைக் கொடுத்து, 'இதற்கு என்ன நோய் என்று மட்டும் சொல், மருந்து வேண்டா' என்று ஒரு பயிற்சி வைக்கக் கூடாதா? அதற்கு நெறிமுறைக் குழு கூட வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை போதும்.

அதுவரைக்கும் எங்கள் விரிவுரையாளர் அனுமதியோடு ஆய்வக மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். பழுதுப் பதிவேடு என்று அட்டையில் எழுதியிருக்கிறோம். நாள், திரையில் வந்த வரி எழுத்துப் பிசகாமல், குறிப்பேட்டில் இருந்தது, காரணம் என நான்கு பத்திகள். யார் செய்தார் என்ற பத்தி இல்லை. அது வேண்டுமென்று சிலர் கேட்டார்கள், நான் ஒப்பவில்லை. பெயர் எழுதவேண்டும் என்றால் ஒருவரும் பழுதை எழுதமாட்டார்கள்.

இதை எழுதும்போது அதில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. முதலாவது மேலே சொன்னது. இரண்டாவது, முதலாமாண்டு மாணவி ஒருவர் சேமித்த கோப்பு அடுத்த கணிப்பொறியில் தெரியவில்லை என்று அழுதது. அரை நிமிடம் கழித்துத் தெரிந்தது. டைரக்டரியின் விவரங்களைக் கேட்கும் கணிப்பொறி 30 முதல் 60 நொடிவரை தன்னிடமே வைத்துக்கொண்டு பழையதைக் காட்டும், அதுதான் காரணம். மூன்றாவதில், 'வட்டில் இடமில்லை' என்ற பொருளில் ஒரு வரி பதிவாகியிருக்கிறது. ஆனால் வட்டில் பாதிக்குமேல் காலியாக இருக்கிறது. கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒதுக்கிய ஐநோடுகள் தீர்ந்திருக்குமோ என்பது என் ஐயம். திங்கட்கிழமை சர்வரில் பார்க்கவேண்டும். காரணம் என்ற பத்தியை இன்னும் யாரும் நிரப்பவில்லை.